கோவிலுக்கு வந்த பசார் கற்கள்

எங்கள் தீவில், சென்ட்ர் டி ஃப்ளாக் ஊரின் சந்தையான பழைய கல் பசாரை இடித்தபோது, அது விழுந்துவிடும் நிலையில் இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். விழப்போகிற கட்டடத்தை விழவைக்க ஒரு கூட்டமே கடப்பாரையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியது. அந்த இடத்தில் வரப்போவது மரத்தூண்கள் மேல் தகரக் கூரைதான் என்று தெரிந்ததும், தகரம் விற்பவர் எந்த அதிகாரிக்கு மாமனார் என்று விசாரிக்க ஆரம்பித்தோம். யாருக்கும் இல்லை என்று தெரியவந்தது. அது எங்கள் சந்தேகத்தை இன்னும் வலுப்படுத்தியது.

நான் அப்போது பக்கத்து ஊரான கான் தெ மாஸ்க்கில் கொஞ்சம் கரும்பும் நிறைய அபிப்பிராயமும் வளர்த்துக்கொண்டிருந்தேன். நாலு புத்தகம் படித்தவன் என்பதற்காக ஊர்க் கோவில் கமிட்டியில் என்னையும் சேர்த்திருந்தார்கள். அந்த நாலிலும் கோவில் கட்டுவது பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. எங்கள் கோவில் வெறும் பலகைக் கட்டடம். அடிப்பலகைகளைக் கரையான் தின்றுவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் மூலஸ்தானம் வரை வந்து கும்பிட்டுவிட்டுப் போகும். சூறாவளிக் காலத்துக்குள் கல்மேடை எழுப்பி அதன்மேல் கோவிலைத் தூக்கி வைக்காவிட்டால், அடுத்த பூசையை ஆற்றோடு போய்த்தான் செய்ய வேண்டும் என்று பூசாரி சொல்லியிருந்தார்.

ஆகவே இடிக்கும் குத்தகைக்காரரிடம் கல் கேட்கப் போனேன். எடுத்துக்கொண்டு போ என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இனாமாகக் கிடைத்ததில் எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கோவில் முன்னால் இறக்கினேன். எல்லாம் உளி பட்டுச் சதுரமாக இருந்த கருங்கற்கள். ஊரே வந்து தடவிப் பார்த்தது.

கடைசியாக என் மனைவியின் அண்ணன் வந்தார். அவரும் கமிட்டிக்காரர்தான். அந்தச் சமயத்தில் தன் வீட்டில் புதிதாக அடுக்களை கட்டிக்கொண்டிருந்தார். குவியலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“மாப்பிள்ளை, இது பசார்ல எந்தப் பக்கத்துக் கல்லு?”

அதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி. பழைய பசாரில் முன்பக்கம் காய்கறி விற்றார்கள், பின்பக்கம் இறைச்சி. இடித்தவர்கள் இரண்டு பக்கத்தையும் ஒரே குவியலாகப் போட்டுவிட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குவியலைச் சுற்றிக் கமிட்டி கூடியது. பின்பக்கச் சுவர் எப்படி இருந்தது, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்றார் ஒருவர். அவர் அங்கே ஆட்டுத்தொடைக்குப் பேரம் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் நானும் அங்கே இருந்ததாகிவிடும். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கும் அதே கணக்கு ஓடுவது தெரிந்தது. விரதம் தவறாதவர்கள் இத்தனை பேர் எங்கள் ஊரில் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

மச்சான் ஒரு கல்லைப் புரட்டினார். “இந்தா பாருங்க, கொக்கி அடிச்ச ஓட்டை.”

“கொக்கின்னு உங்களுக்கு எப்படித் தெரியும், மச்சான்?”

கொஞ்சம் யோசித்தார். “வாழைத்தாரும் கொக்கியிலதான் தொங்கும்.”

“அப்ப இது காய்கறிப் பக்கம்.”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“வேற என்ன தொங்கிப் பார்த்தீங்க?”

பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். எனக்கு மச்சானின் அடுக்களை நினைவுக்கு வந்தது. கோவில் வேண்டாம் என்று ஒதுக்கிய கல் யார் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று யோசிக்க, நாலு புத்தகம்கூடத் தேவையில்லை.

பூசாரி ஒரு தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். “எல்லாம் காய்கறிப் பக்கத்துக் கல்லுதான்னு யாராவது ஒருத்தர் இதை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. நாளைக்கே வேலையைத் தொடங்கிடலாம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை நீட்டினால் மேடை எழும்பும். ஆனால் சுவர் விழுந்தபோது நான் அங்கே இல்லை.

“இந்தக் கல்லு மேல கண்ணு இல்லைன்னு முதல்ல மச்சான் அணைக்கட்டும். பிறகு நான் அணைக்கிறேன்.”

“நான் எதுக்கு? கல்லைக் கொண்டாந்தது நீங்க.”

“கேள்வியைக் கொண்டாந்தது நீங்க.”

எங்கள் இருவர் கையும் வேட்டி மடிப்பிலேயே இருந்தது. சூடம் தானாக எரிந்து தீர்ந்தது.

“சரி, விடுங்க,” என்றார் பூசாரி. “அவங்கவங்க தோட்டத்துக் கல்லைக் கொண்டாங்க. அது நம்மளைத் தவிர வேற யாரையும் பார்த்திருக்காது.”

எங்கள் ஊர்த் தோட்டங்களில் கரும்பைவிடக் கல்தான் நன்றாக விளையும். ஏற்றிவரும் பொறுப்பை என்னிடமும் மச்சானிடமும் ஒரே வண்டியில் ஒப்படைத்தார்கள். பசார் கல் ஒன்று கலந்தாலும் ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொடுப்பார் என்ற நம்பிக்கைதான். கமிட்டி எங்கள்மேல் வைத்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

ரோட்டோரம் தள்ளிவைத்த பசார் கற்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. மச்சான் வீட்டுப் புது அடுக்களையைப் போய்ப் பார்த்தேன். அடிச்சுவரில் மண்ணைக் கனமாக அப்பியிருந்தார். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். மழைக்கு என்றார்.

கோவில் மேடை கட்டுவதில் மழையை முந்திவிட்டோம். உருண்டையும் கோணலுமான தோட்டத்துக் கற்களில், கடைசிக் கல்லை நானும் அவரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கி வைத்தோம். அந்த மூலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அவர் பிடித்த முனையில்தான் சாய்வு என்று நான் சொல்கிறேன். எந்த முனையை யார் பிடித்தோம் என்பதையே அவர் ஒப்புக்கொள்வதில்லை.