மண்டவெளிக்கு ஒரு அரை டிக்கெட்

போன வாரம் அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு பஸ்ஸில் போனேன். பெண்களுக்குத்தான் இப்போது டிக்கெட்டுக்குக் காசு இல்லையே. கண்டக்டர் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு தம்பி தன் கூட்டாளியிடம், இவங்க ஓசியில் ஊர் சுற்ற நாம வரி கட்டிச் சாகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தது. நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். அதற்காக வாயை மூடிக்கொண்டு வருகிறவள் இல்லை.

"தம்பி, நான் குளிக்கிற சோப்புக்கும் வரி கீது. இந்த பஸ்ஸு ஓடுறதுல என் காசும் கீது," என்றேன். அது போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

சொல்லிவிட்டேனே தவிர, இறங்கி நடக்கும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஒருத்தர் போவதற்கு இன்னொருத்தர் காசு கட்டுவது எனக்கு ஒன்றும் புதிது இல்லை. எட்டு வயதில் ஒரு நாள் அப்படிப் போயிருக்கிறேன்.

அடையாறு கடலில் போய்ச் சேருகிற இடத்துக்குப் பக்கம் எங்கள் குப்பம். அப்பா பிடித்து வரும் மீனை அம்மா மண்டவெளி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போய் விற்பாள். தலையில் மீன்கூடையைப் பார்த்தால் பஸ்ஸை நிறுத்தவே மாட்டார்கள். காலை பஸ்ஸில் ஒரே ஒரு கண்டக்டர்தான் எங்களை ஏற்றிக்கொள்வார். கூடையை ஈரச் சாக்கு போட்டு மூடி டிரைவர் பக்கம் வைக்க வேண்டும், கூடைக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். அதில் அம்மாவுக்கு வருத்தமே கிடையாது, பெருமைதான். டிக்கெட் வாங்கினவளை எவனும் இறக்கிவிட முடியாது என்பாள்.

லீவு நாளில் நானும் கூடப் போவேன். வயதுக்குச் சிறுத்த உடம்பு எனக்கு. புள்ளைக்கு எதுக்கும்மா, மடியில் வைத்துக்கொள் என்று கண்டக்டரே சொல்வார். அம்மா கேட்டால்தானே.

"அதுக்கும் ஒண்ணு கிழி. எம் பொண்ணு சீட்டுல குந்திகினு வரட்டும்."

எனக்கு வயிறு எரியும். அரை டிக்கெட் ஐந்து பைசா. அந்த ஐந்து பைசாவுக்கு ஸ்டாப்பில் நிற்கும் ஜவ்வு மிட்டாய்க்காரர் கைக்கடிகாரமே செய்து கையில் கட்டிவிடுவார். வேண்டாம் என்கிற மனுஷனுக்கு வலியப் போய்க் காசு கொடுக்கிறாளே, விவரம் இல்லாதவள் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதும் பஸ்ஸில் பெண்கள் முன்பக்கம், கண்டக்டர் பின்பக்கம். காசு ஆள் மாறி ஆள் மாறிப் பின்னால் போகும். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். ஒரு நாள் அம்மா கூடையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் காசை என்னிடம் கொடுத்து அனுப்பச் சொன்னாள். நான் ஐந்து பைசாவை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு மீதியை நீட்டி, மண்டவெளி ஒரு முழு, ஒரு லக்கேஜ் என்று மட்டும் சொல்லிவிட்டேன். இன்ஜின் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்த டிக்கெட்டுகளைப் பார்க்காமலே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரண்டு ஸ்டாப் தாண்டியதும் கூட்டம் நெரித்தது. ஆபீஸுக்குப் போகிற ஒரு அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைக் காட்டினார். "இதை எழுப்பி விடேம்மா. டிக்கெட் வாங்காத குழந்தைக்கு எதுக்கு சீட்டு?"

இந்தக் கேள்விக்காகவே எங்கம்மா இத்தனை நாள் காசு கட்டியிருக்கிறாள். அலட்சியமாக இடுப்பிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்து விரித்தாள். இரண்டுதான் இருந்தன.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி பின்பக்கம் பார்த்துக் கத்தினாள். "இன்னாய்யா, மூணுக்குக் காசு குடுத்தா ரெண்டு கிழிக்கிற? மீன்காரி காசுன்னா துன்றதுக்கா?"

கண்டக்டர் தனக்கு இரண்டுக்குத்தான் காசு வந்தது என்றார். அம்மா தான் எண்ணிக் கொடுத்ததாகச் சாதித்தாள். நடுவில் காசை வாங்கிக் கைமாற்றியவர்கள் எல்லாம் நானில்லை, நானில்லை என்றார்கள். மீனை ஏத்தினே இல்ல, உனக்கு இது வேணும்யா என்று ஒருத்தர் கண்டக்டரையே குத்திக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. கையையும் திறக்கவில்லை.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். தன் சட்டைப் பையிலிருந்து ஐந்து பைசாவை எடுத்துத் தோல்பையில் போட்டார். அரை டிக்கெட் ஒன்று கிழித்து என்னிடம் நீட்டினார்.

"கொயந்த குந்திகினு வரட்டும்மா. நாளைக்கும் வா, கூடைக்கு எடம் கீது."

 அம்மா அந்த ஆபீஸ் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். ஜெயித்தவள் பார்வை. நான் ஒரு கையில் டிக்கெட்டும் ஒரு கையில் காசுமாக மண்டவெளி வரைக்கும் உட்கார்ந்தே போனேன்.

மறுநாள் ஸ்டாப்பில் அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ஓடிப்போய் மிட்டாய்க் கடிகாரம் வாங்கி, கையில்கூடக் கட்டாமல் தின்று முடித்துவிட்டேன். திரும்பி வந்தவளை அம்மா உற்றுப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். மிட்டாய்ச் சிவப்போடு நீட்டினேன். ஏது காசு என்று கேட்பாள், அடி விழும் என்று நின்றேன். கேட்கவே இல்லை. முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். ரொம்ப நேரம், அழுத்தித் துடைத்தாள்.

பஸ் வந்து நின்றது. பின்படியிலிருந்து கண்டக்டர் ஏறச் சொல்லிக் கையை அசைத்தார். அம்மா குனிந்து கூடைச் சாக்கைச் சரி செய்தாள். சரியாக இருந்த சாக்கையே மறுபடி மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

"நடந்தே பூடலாம் வா," என்றாள் அம்மா.

அதிலிருந்து மழையானாலும் வெயிலானாலும் நடைதான். எனக்கு ஒரே குஷி. அடையாற்றுப் பாலத்துக் காற்று, கீழே தண்ணீர், சில நாள் நாரைகூட நிற்கும். அந்த பஸ் எங்களைத் தாண்டிப் போகும்போது நான் கையாட்டுவேன், கண்டக்டரும் ஆட்டுவார். அம்மா மட்டும் பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கி, தலையில் கூடையோடு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். பஸ் போன பிறகுதான் திரும்புவாள். தண்ணீரில் மீன் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நானும் பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பேன்.