உள்ளே வைத்த பட்டை

அந்த ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் கறாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரசவ வார்டுக்குப் பன்னிரண்டு கத்தரிக்கோல் போய்ப் பதினொன்று திரும்பினால், மிச்சம் ஒன்று வரும்வரை சீட்டில் கையெழுத்துப் போடமாட்டார். "ஒரு கத்தரிதானேக்கா, கால் முளைச்சு ஓடியா போயிடும்?" என்று நர்ஸ்கள் கேட்பார்கள். "ஓடாதுன்னுதான் தேடச் சொல்றேன். யார் வயித்துக்குள்ள உக்காந்திருக்கோ" என்பார், சிரிக்காமல்.

அவருடைய இடம் தரைத்தளத்தின் கோடியில் இருந்த ஒரு நீள அறை. ஒரு பக்கத்து ஜன்னல் வழியாக ரத்தக்கறையோடு கருவிகள் உள்ளே வரும். அவற்றைக் கழுவி, துடைத்து, பச்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, பீரோ அளவுள்ள நீராவி மெஷினுக்குள் அடுக்குவார். கிருமி செத்தபின் எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக அவை அறுவை அரங்குக்கும் பிரசவ வார்டுக்கும் போகும். பதினாலு வருடமாக இதே வேலை. சின்ன ஆஸ்பத்திரி என்பதால் அந்த அறைக்கு ஆள் அவர் ஒருவர்தான்.

ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் ஒரு டேப் ஒட்டுவார். நீராவி பட்டாலே அதன் கோடுகள் கறுத்துவிடும். பொட்டலத்தின் நடுவிலும் விரல் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வைப்பார். சூடு நடுவரைக்கும் போய், போதுமான நேரம் நின்றால்தான் அது முழுக்கக் கறுக்கும். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு அவர் இதை விளக்கும் விதமே தனி. "தோல் வெடிச்சிருச்சுன்னு உருளைக்கிழங்க எறக்கி வச்சிடுவீங்களா? குத்திப் பார்ப்பீங்கல்ல? இந்தப் பட்டைதான் குத்திப் பார்க்கற கத்தி."

அந்த வருடம் மெஷின் கதவின் ரப்பர் வளையம் தேய்ந்துபோனது. ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி கசிந்தது. வெளியே டேப் கறுத்தது. உள்ளே பட்டை பாதி கறுத்து, மீதி சாம்பல் நிறத்திலேயே நின்றது. அவர் கண்காணிப்பாளருக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது முறை கண்காணிப்பாளர் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஏம்மா, வர்ற மாசம் தரச்சான்று குடுக்கறதுக்கு மேலிடத்துலேருந்து வர்றாங்க. இப்பப் போய் மெஷின் ரிப்பேர்னு எழுதினா தியேட்டரையே மூடச் சொல்வாங்க. அவங்க வந்துட்டுப் போனதும் முதல் வேலையா வளையத்த மாத்திடலாம்."

"அதுவரைக்கும் சார்?"

"வெளிய டேப் கறுக்குதில்ல, அது போதும். உள்ள பட்டை வைக்கறத நிறுத்திடுங்க. மிச்சம் இருக்கறத ஸ்டோருக்கு அனுப்பிடுங்க. பதிவேட்டுல வழக்கம்போல 'சரி'ன்னு போட்டுடுங்க."

அவர் பட்டைப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். ஒரே ஒரு பெட்டி மட்டும் மேலங்கிப் பைக்குள் தங்கிவிட்டது. பதினாலு வருடத்தில் கறாரக்கா எண்ணிக்கையில் பிசகியது அந்த ஒரு நாள்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் சோதனைக்கென்று வெறும் துணிப் பொட்டலம் ஒன்று கட்டி, அதன் நடுவில் ஒரு பட்டை வைத்தார். மகனுடைய பழைய நோட்டில் அதை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினார். மெஷினை இரண்டு மடங்கு நேரம் ஓட்டிப் பார்த்தார். சில நாள் பட்டை கறுத்தது, பல நாள் கறுக்கவில்லை. பட்டை கறுக்காத நாள் பொட்டலங்களும் ஜன்னல் தாண்டிப் போயின. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்தது. பதிவேட்டில் அவர் காலியாக விட்ட கட்டங்களில், மறுநாள் காலை வேறு யாரோ 'சரி' என்று நிரப்பியிருந்தார்கள்.

ஒரு நாள் காணாமல்போன இடுக்கி ஒன்றைத் தேடிப் பிரசவ வார்டுக்குப் போனார். அங்கே வார்டு சிஸ்டர் ஒரு சின்னப் பெண்ணைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பிரசவத்தில் போட்ட தையல் சீழ் பிடித்து அவள் மூன்றாவது முறையாக வந்திருந்தாள்.

"குளிக்கறீங்களா இல்லையா? துணியத் துவைச்சுக் கட்டத் தெரியாதா? இதெல்லாமா நாங்க சொல்லித் தரணும்?"

"ரெண்டு வேளையும் குளிக்கறேன் சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் சொன்னா எங்க கேக்கறா" என்று மாமியார் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கறாரக்கா இடுக்கியை மறந்தார். குழந்தை என்றைக்குப் பிறந்தது என்று மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டு திரும்பினார். அறைக்கு வந்து நோட்டைப் புரட்டினார். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டை பாதிக்குமேல் சாம்பல்.

லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு சட்ட அறிவிப்பு வெகுநாளாக இருந்தது. அதன்மேல் மாதாமாதம் வேலைப் பட்டியலைக் குத்திவிடுவார்கள். அன்று மாலை அவர் பட்டியலை ஒதுக்கிவிட்டு அதைப் படித்தார். முறைகேட்டைத் தெரிவிப்பவரின் பெயர் வெளியிடப்படாது, தெரிவித்ததற்காக அவரை மாற்றவோ நீக்கவோ கூடாது என்று போட்டிருந்தது. எங்கே எழுத வேண்டும் என்றும் இருந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். எதையும் கிண்டலாகச் சொன்னால்தான் அவருக்குப் பேச்சே வரும்.

"பேர் வெளிய வராதாமா? அந்த ரூம்ல இருக்கறதே நீ ஒருத்தி. வேற யாரு எழுதினதுன்னு நினைப்பாங்க, மெஷினேவா?"

கறாரக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். மகனுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. அந்த வேலை போனால் வேன் மட்டும் குடும்பத்தை இழுக்காது.

"அப்ப பேரப் போட்டே எழுதிடறேங்க" என்றார் அவர். "ஒளிய இடம் இல்லாதப்ப நேரா நிக்கறதுதான் நல்லது."

"வேலை போச்சுன்னா?"

"போனா வேன்ல டிக்கெட் கிழிக்கறேன்."

"ஸ்கூல் வேன்ல ஏதுடி டிக்கெட்" என்றார் கணவர். மறுநாள் புகார் அலுவலகத்துக்கு அவரே கூட்டிப்போனார். நோட்டின் நகலைக் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கும்வரை கறாரக்கா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அன்று ஐந்தாம் தேதி.

ஒன்பதாம் தேதி அவருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. இனி சலவைப் பிரிவில் வேலை. உத்தரவில் மூன்றாம் தேதி போட்டிருந்தது. "புகாருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அதுக்கு முன்னாடியே முடிவானது" என்றார் கண்காணிப்பாளர்.

கருவி அறைக்குப் பகுதிநேர ஆள் ஒருவரைப் போட்டார்கள். தேநீர் வேளையில் கறாரக்கா போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. "உங்களால எங்க வார்டு பேரும் சேர்ந்து நாறுது" என்று சிஸ்டர் நேருக்கு நேராகவே சொன்னார். சலவைப் பிரிவுப் பெரியவர் மட்டும், "வாங்கம்மா. இங்கயும் எண்ண ஆரம்பிச்சிடாதீங்க. எனக்கு விரல் பத்தாது" என்று வரவேற்றார். கறாரக்கா எண்ணத்தான் செய்தார். முதல் வாரத்திலேயே ஆறு போர்வை குறைந்தது தெரியவந்தது.

மூன்றாவது வாரம் விசாரணை அதிகாரி வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஒரு அம்மாள். தான் கொண்டுவந்த பட்டையை மெஷினில் வைத்து ஓட்டச் சொல்லி, முழுச் சுற்றும் முடியும்வரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டை பாதி சாம்பலாக வெளியே வந்தது.

பிறகு மாறுதலைப் பற்றிக் கேட்டார். கண்காணிப்பாளர் மூன்றாம் தேதி உத்தரவை நீட்டினார்.

"மேடம், பலகையில இந்த மாச வேலைப் பட்டியல் இருக்கு. அதையும் பாருங்க" என்றார் கறாரக்கா.

நாலாம் தேதி கையெழுத்தான பட்டியல் அது. மாதம் முழுக்கக் கருவி அறைக்கு நேரே கறாரக்காவின் பெயர் இருந்தது. அடியில் கண்காணிப்பாளரின் கையெழுத்து.

"மூணாம் தேதியே இவங்கள மாத்திட்டீங்க" என்றார் அதிகாரி. "நாலாம் தேதி அதே ரூமுக்கு இவங்களையே போட்டிருக்கீங்க. மறந்துட்டீங்களா?"

கண்காணிப்பாளர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். புகார் வந்தபின் நடந்த மாறுதலுக்கு நிர்வாகம்தான் காரணம் காட்ட வேண்டும், புகார் கொடுத்தவர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை என்று அதிகாரி விளக்கினார். அன்றே மாறுதல் ரத்தானது. மெஷினை நிறுத்தினார்கள். கருவிகள் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுத்தமாகி வந்தன. புது வளையம் பொருத்தப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அவசர ஆபரேஷன் ஒன்றுகூட நிற்கவில்லை. இதற்காகவா இவ்வளவு என்று கறாரக்காவுக்குத் தோன்றியது. கண்காணிப்பாளர் மேலான விசாரணை இன்னும் நடக்கிறது. அவரைத் தலைமை அலுவலகத்துக்கு வரவழைத்துக்கொண்டார்கள்.

வளையம் மாற்றிய மறுநாள் சிஸ்டர் ஜன்னலில் வந்து நின்றார். எதையும் வாங்க வந்த மாதிரி தெரியவில்லை.

"அந்தப் பொண்ண நான் ரொம்பத் திட்டிட்டேன்க்கா."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவளுக்குப் பதில் சொல்லணும். பொட்டலத்த அனுப்பினது நானில்லையா" என்றார் கறாரக்கா. ஜன்னல் திட்டில் இருந்த தொலைபேசியைச் சிஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

மாமியார்தான் எடுத்தார் போலிருக்கிறது. சிஸ்டர் ஒரு நிமிடம் திணறினார். "தையல் சீழ் பிடிச்சதுக்குக் காரணம் எங்க கருவிதான். உங்க மருமக மேல தப்பே இல்ல. ஆமா, நல்லாத்தான் குளிச்சிருக்கா. அவகிட்ட குடுங்க, நானே சொல்றேன்" என்றார். அப்புறம் ஃபோனைக் கறாரக்காவிடமும் கொடுத்தார். எதிர்முனையில் அந்தப் பெண், "அத இன்னொரு தடவ அத்தைகிட்ட சொல்றீங்களா?" என்றாள். கறாரக்கா சொன்னார், நிறுத்தி நிதானமாக.

அன்று பிரசவ வார்டுக்குப் போன பொட்டலத்தோடு ஒரு சீட்டும் போயிற்று. 'பிரித்ததும் உள்ளே இருக்கும் பட்டையைப் பார்த்துவிட்டு எனக்குத் திருப்பி அனுப்பவும்.' மத்தியானம் கருவிகள் திரும்பி வந்தன. கத்தரிக்கோல் பன்னிரண்டும் இருந்தன. தட்டின் ஓரத்தில் முழுக்கக் கறுத்த பட்டை ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தில் சிஸ்டரின் கையெழுத்தில் 'பார்த்தேன்' என்று இருந்தது. கறாரக்கா அதை நோட்டில் ஒட்டி, தேதி போட்டுவிட்டு, அடுத்த சுற்றுக்குப் பொட்டலங்களை அடுக்கத் தொடங்கினார்.