அணைக்காத வண்டி

ஆயில் கலந்த பெட்ரோல் வாடை கையில் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டாலும் போகாது, சோற்றை அள்ளும்போதெல்லாம் மூக்கில் ஏறும். என் சின்ன வயதில் அப்பா பிசைந்து ஊட்டிய சோறெல்லாம் எனக்கு அப்படித்தான் மணத்தது. இங்கிலாந்தில் செய்த சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. சிங்காநல்லூரில் ஒரு மில் அதிகாரி ஊரைவிட்டுப் போகும்போது விற்றது, ஊரில் எல்லோருக்கும் அது ‘சீமை வண்டி’. காரமடை ரங்கநாதரைச் சேவிக்க சனிக்கிழமைதோறும் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து அதில்தான் போவோம். நான் டேங்க்கின்மேல், அம்மா பின்னால், அம்மா மடியில் கைக்குழந்தையான தம்பி. “ஊர்கோலம் கெளம்பிருச்சு, வழி உடுங்கப்பா” என்று பெரியப்பா கேலி செய்வார். “முன்னாடி ஒக்காந்தாத்தான் அம்மணி சாமியை மொதல்ல பாக்குமுங்க” என்று என் தலையைத் தட்டி அப்பா சிரிப்பார்.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு குணக்கேடு. சூடேறியபின் அணைந்துவிட்டால், ஆறும்வரை எத்தனை உதைத்தாலும் கிளம்பாது.

ஒரு மத்தியானம் தம்பிக்குக் காய்ச்சல் முற்றி, கை கால் வெட்டி இழுத்து, கண் மேலே செருகிவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை, என்னை விட்டுப்போக வீட்டிலும் ஆளில்லை, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அப்பா கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. எஞ்சின் அணைந்துவிடக் கூடாதென்று அவர் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே நிற்க, புகை சுற்றிலும் சூழ்ந்தது.

“ஏனுங்க, ரயிலோட பந்தயமா? ஆஃப் பண்ணுங்க, பொகை தாங்கல” என்றார் ஒரு லாரி டிரைவர். அப்பாவின் உதடு ‘ரங்கா, ரங்கா’ என்று அசைந்துகொண்டிருந்தது. எட்டிப்பார்த்த டிரைவர் அம்மாவின் மடியைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டு முன்னால் ஓடினார். “கொழந்தைக்கு முடியலீங்க, வண்டியெல்லாம் ஒதுக்குங்க!” கேட் திறந்ததும் முதலில் கடந்தது நாங்கள்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா தம்பியோடு உள்ளே ஓடினாள். அப்பா இறங்கவில்லை. “இங்க முடியாது, பெரிய டாக்டர்கிட்டப் போங்கன்னு சொல்லிட்டா என்ன பண்றது?” என்று என்னிடம் சொன்னாரோ, தனக்கே சொல்லிக்கொண்டாரோ, கைப்பிடியை விடவேயில்லை. வாட்ச்மேன் வந்து திட்டினார். “கோவிச்சுக்காதீங்க, நின்னா கெளம்பாதுங்க” என்று அப்பா கெஞ்சினார். கீழே எஞ்சின் என் காலைச் சுட்டது, நான் சொல்லவில்லை.

அம்மா வெறுங்கையோடு வந்தாள். அழவில்லை. “போதுமுங்க. இனி எங்கயும் போக வேண்டியதில்லீங்க” என்று சொல்லிக் குனிந்து, தானே பெட்ரோல் குழாயைத் திருகி மூடினாள். மிச்சமிருந்த பெட்ரோலில் வண்டி இன்னும் கொஞ்சம் ஓடியது. மூன்று பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அதுவும் நின்றது.

அந்தக் கேட் இருந்த இடத்தில் இப்போது பாலம், வண்டி யார் யார் கையோ மாறிப் போய்விட்டது, அப்பாவும் அம்மாவும் இல்லை. டேங்க்கின் பச்சை வர்ணம், கிண்ணம் போன்ற விளக்கு, அதற்கு அப்பா இட்ட நாமம் எல்லாம் அப்படியே என் கண்ணில் நிற்கின்றன. தம்பி முகம் மட்டும் நிற்கவில்லை. முதல் முடி இறக்கியபின் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். பெற்றவர்கள் இருந்தவரை அவன் எப்படியிருந்தான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, இப்போது கேட்க ஆளில்லை. பேரன் பேத்திகளுக்காக வேண்டிக்கொள்ளத்தான் இன்றும் சன்னதிக்குப் போகிறேன், ஆனால் தீபம் காட்டும் நேரத்தில் என்னையறியாமல் வேறொன்றைக் கேட்டுவிடுகிறேன். பெருமாளே, ஒரு தரம், ஒரே ஒரு தரம், என் தம்பி முகத்தைக் காட்டு.