நிஜ மெஷின் யாருக்கு

தி. நகரில் பிளவுஸ் துணிக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கத்தின் மனைவி தங்கபுஷ்பத்துக்குப் பொறாமை என்பது காப்பி மாதிரி. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் வேண்டும். எதிர்க்கடையில் நாலு பேர் கூடுதலாக நின்றால் அவளுக்கு நெஞ்சு கரிக்கும். அந்தக் கரிப்பிலேயே முப்பது வருஷம் கடையை ஓட்டினாள். சேலையை ஒரு தரம் பார்த்தால் போதும், அடுக்கி வைத்த அத்தனை பச்சையிலிருந்தும் அதற்குச் சேரும் பச்சையை உருவிப் போட்டுவிடுவாள்.

போன வருஷம் எதிர்க்கடைக்காரன் ஏசி போட்டான். தங்கபுஷ்பம் வாயே திறக்கவில்லை. நாமும் போடலாமா என்று சுயம்புலிங்கம் கேட்டுப் பார்த்தார். "போட்டா என்ன, போடாட்டா என்ன" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் மனிதர் பயந்துபோய் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

மனச்சோர்வு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், மாற்றியும் கொடுத்தார்கள். தூக்கம் மட்டும் வந்தது. கடைசியில் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் காந்த சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே அழைத்துப் போனார். நெற்றிக்கு மேலே இடது பக்கம் ஒரு கருவியை வைத்து, டக்டக்கென்று காந்தத்தால் மூளையைத் தட்டி எழுப்புவார்களாம். வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் ஆறு வாரம். பாதிப் பேருக்கு நிஜ மெஷின், பாதிப் பேருக்குச் சத்தம் மட்டும் போடும் டம்மி. யாருக்கு எது என்று வைக்கிறவர்களுக்கே தெரியாது. டம்மியில் இருந்து குணம் தெரியாதவர்களுக்கு முடிவில் நிஜ மெஷின் உண்டு. உள்ளே எப்படி இருந்தது என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது. கையெழுத்துப் போடும்போது தங்கபுஷ்பத்தின் மண்டையில் இது எதுவும் ஏறவில்லை.

ஏற்றியவள் நஸ்ருன்னிசா. ஆதம்பாக்கத்தில் கார் சீட் கவர் தைக்கும் ஹபீபுர் ரஹ்மானின் மனைவி. தினமும் இவளுக்கு முந்தின முறை அவளுடையது. முதல் வாரம் முழுக்க இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனையில் தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். இரண்டாவது வாரம் நஸ்ருன்னிசா கையில் மருதாணி. எப்படி இருக்கீங்க என்று நர்ஸ் கேட்டதற்கு, "அல்ஹம்துலில்லாஹ், நல்லா கீறேம்மா" என்று சிரித்தாள்.

தங்கபுஷ்பத்துக்குச் சுரீரென்றது. மருதாணி வைக்க மனசு வந்திருக்கிறதென்றால் அவளுக்குத்தான் நிஜ மெஷின். நல்ல பீஸை முன்னால் வந்தவளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இவள் தலையில் கட்டிவிட்டார்கள்! ஆட்டோவில் சைதாப்பேட்டை வீடு வரும்வரை புலம்பித் தீர்த்தாள். அவள் இவ்வளவு பேசிப் பல மாதம் ஆகியிருந்ததால் சுயம்புலிங்கம் குறுக்கே பேசாமல் வந்தார்.

கடைசி நாள் கேள்வி கேட்பார்கள் அல்லவா, எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றே சொல்லி நிஜ மெஷினை வாங்கிவிடுவது என்று அன்றே முடிவு கட்டினாள். அதுவரை நஸ்ருன்னிசா முன்னால் பரட்டைத் தலையோடு உட்காருவதா? மறுநாள் ஆறு மணிக்கே எழுந்து குளித்து, மெரூன் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் பச்சைத் துப்பட்டாவில் வந்தால் இவள் அதைவிட எடுப்பான பச்சையைத் தேடி எடுத்துக் கட்டினாள். அவள் சிரித்தபோதெல்லாம் இவளுக்கு வயிறு எரிந்தது.

கடைசி நாள் நஸ்ருன்னிசா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"உனக்கு என்னம்மா குறை? நிஜ மெஷின் உனக்குத்தானே," என்று தங்கபுஷ்பம் வெடுக்கென்று கேட்டாள்.

"எனக்கா? எழுந்து நடக்கவே தெம்பு இல்லக்கா."

"நர்ஸுகிட்ட தினம் நல்லா இருக்கேன்னு சொன்னியே?"

"கேக்கறவங்ககிட்ட வேற இன்னா சொல்றது? எவ்ளோ கஷ்டம்னாலும் அல்லாவப் புகழ்ந்து அல்ஹம்துலில்லாஹ்னுதான சொல்லணும்."

"அந்த மருதாணி?"

"படுத்துக்கினே இருந்தேன், எம் பொண்ணு மஹ்விஷ் வெச்சு வுட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களப் பாத்துதான்க்கா எனக்கு வயிறு எரியும். தினம் ஒரு சேலை, தலையில பூ. நிஜ மெஷின் அந்தக்காவுக்குத்தான்னு வீட்ல சொல்லிச் சொல்லி அழுவேன். அல்லா மன்னிக்கணும்."

தங்கபுஷ்பம் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். கைக்குட்டையை எடுத்து அவள் கையில் திணித்தாள். உள்ளே இருந்து தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டார்கள்.

கேள்வித்தாளோடு இருந்த இளம் டாக்டர் அனுப்ரியா வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். தூக்கம், பசி, தெம்பு என்று எல்லாவற்றுக்கும் தங்கபுஷ்பம் போட்ட திட்டப்படியே பதில் சொன்னாள்.

"இந்த வாரம் எதுக்காவது சந்தோஷப்பட்டீங்களாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை.

"பட்டேன். இப்பத்தான்."

அனுப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு?"

"ஒருத்தி என்னப் பாத்துப் பொறாமைப்பட்டிருக்கா." சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. "முன்னாடி சொன்னதெல்லாம் பொய். அடிச்சுட்டு முதல்லேருந்து கேளும்மா. நிஜ மெஷினை வெளிய உக்காந்து அழுறாளே, அவளுக்கு வைங்க."