ஷூ மாட்டவும் பாட்டு வேண்டும்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடலோரத்து ஜெரால்டன் ஊரில் டேமியனைத் தெரியாதவர்கள் குறைவு. பதினெட்டு வருடமாக ஒரே டயர் கடையில் வேலை. லாரி டயரைத் தனி ஆளாக உருட்டிக்கொண்டு போய் மாட்டிவிட்டு, "ஆச்சு" என்ற ஒரு சொல்லோடு திரும்பிவிடுவான். கல்யாணத்தன்று விருந்தில் பேசச் சொன்னபோதுகூட, "வந்ததுக்கு நன்றி, சாப்பிடுங்க" என்று உட்கார்ந்துவிட்டான். அப்படிப்பட்டவனுக்குத்தான் காலை ஏழு மணிக்குப் பாட வேண்டிய கதி வந்தது.

மனைவி லீனெட் வடக்கே இரும்புச் சுரங்கத்தில் ராட்சத லாரி ஓட்டுகிறவள். விமானத்தில் போனால் இரண்டு வாரம் அங்கே, பிறகு ஒரு வாரம் வீட்டில். வீட்டில் இருக்கும் வாரத்தில் நாலு வயது மகள் மேபலை எழுப்பிக் கிளப்ப அவளுக்கு ஒரே வழி, பாட்டு. பல் தேய்க்க ஒன்று, தலை வார ஒன்று, காரில் பெல்ட் போட ஒன்று. எல்லாம் அவளே கட்டியவை. விளைவு, பாட்டு இல்லாமல் மேபல் ஒரு காலுறையைக்கூடத் தொட மாட்டாள்.

அவள் இல்லாத வாரங்களில் மேபலைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியால் அந்த முறை வர முடியவில்லை. கிளம்பும்போது லீனெட் பதினாலு பாட்டையும் ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலை டேமியன் அதன்முன் நின்று, வரி நோட்டீஸ் படிப்பதுபோல் வாசித்தான்.

"மேல் வரிசை வீட்டுக்காரர் எழுந்தாச்சா?
கீழ் வரிசை வீட்டுக்காரர் குளிச்சாச்சா?
மூலை வீட்டு மாமாவுக்கு மூஞ்சியெல்லாம் சாக்லேட்டு,
நுரை வருது, நுரை வருது, திறந்து வையி வாய்க் கேட்டு!"

மேபல் வாயைத் திறக்கவில்லை.

"அப்பா, நீ படிக்கிற. பாடணும்."

"பாடினேனே!"

"இல்ல. மாமா வரும்போது மூக்கைத் தூக்கிக் காட்டணும். அம்மா காட்டுவா."

மூக்கைத் தூக்கிக் காட்டினான். "அப்படி இல்ல, பன்னி மாதிரி" என்றாள். பன்னி மாதிரியும் காட்டினான். பல் தேய்த்து முடிக்க இருபது நிமிஷம். இன்னும் பதிமூன்று பாட்டு பாக்கி. கடைக்குப் போனபோது முதலாளி வால்ட் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னப்பா, வண்டி மக்கரா?"

"பாட்டு" என்றான் டேமியன். வால்ட் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ கொட்டியது.

நாலாம் நாள் காலை, குப்பையைப் போடப் பின்கதவைத் திறந்தான். தெற்குக் காற்று உள்ளே புகுந்து, ஃப்ரிட்ஜ் மேலிருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு முன்வாசல் வழியே வெளியே போயிற்று. டேமியன் வெறுங்காலோடு தெருவில் ஓடினான். பக்கத்து வீட்டு மார்ஜரி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கத்தினாள்:

"ஏம்ப்பா, குப்பை லாரி அப்பவே போயிடுச்சே!"

"குப்பை இல்ல, பாட்டு!"

தாள் ரயில் பாதை வேலியைத் தாண்டிக் கடல் பக்கம் போய்விட்டது. உள்ளே வந்தால் மேபல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஷூ ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"ஷூ பாட்டு."

"பறந்து போச்சும்மா. இன்னிக்கு ஒரு நாள் சும்மா போட்டுக்கோ."

"மாட்டேன்."

"போடுன்னா போடு! எனக்கு வேற வேலை இல்லையா?"

அவன் குரல் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. மேபலின் உதடு பிதுங்கி, கண்ணில் நீர் கோத்தது. டேமியன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். வாயில் என்ன வருகிறது என்று யோசிக்காமல், அவள் காலைப் பிடித்துத் தூக்கினான்.

"ஜாக்கி வெச்சுத் தூக்கு தூக்கு,
பஞ்சர் காலு, மேலே தூக்கு!
டயரை மாட்டு, நட்டை முறுக்கு,
நாடா ரெண்டும் இறுக்கு இறுக்கு!
காத்து அடிச்சா உஸ்ஸு புஸ்ஸு,
கட்டைவிரலே, உள்ளே புஸ்ஸு!"

நட்டு முறுக்கும் இயந்திரம்போல் வாயால் "ட்ர்ர்ர்ர்" என்று ஓசையும் கொடுத்தான். மேபல் அழுகையை மறந்து அடுத்த காலை நீட்டினாள். "இன்னொரு டயரும் பஞ்சர்!"

அது அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து மழலைப் பள்ளி ஆசிரியை ப்ரூ வாசலிலேயே அவனை மறித்தாள்.

"நீங்கதான் அந்த ஜாக்கி அப்பாவா? இருபத்திரெண்டு பிள்ளைங்க, அத்தனையும் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிட்டு ட்ர்ர்ர்னு கத்துது. ஒருத்தரும் தானா ஷூ போடறதில்ல. என் இடுப்பு போச்சு!"

"மன்னிச்சுக்கோங்க."

"மன்னிப்பு எதுக்கு? கை கழுவ ஒண்ணு எழுதிக் கொடுங்க. அதுக்கும் ஒருத்தரும் வர மாட்டேங்குறாங்க."

"நான் டயர்க்காரனுங்க!" என்றான் டேமியன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கடையில் அவன் முணுமுணுத்தபடியே திரிந்தான். 'சோப்பு' என்ற சொல்லுக்கு 'தோப்பு', 'காப்பு', 'ஆப்பு' தவிர எதுவும் இசையவில்லை. அந்தக் கடுப்பில் ஒரு விவசாயியின் வண்டிக்கு வேறு அளவு டயரை மாட்டிவிட்டு, திரும்பக் கழற்றினான். "உன் பாட்டு ஒரு நாள் யாரையாவது குப்புறத் தள்ளப்போகுது" என்றார் வால்ட்.

லீனெட் வந்து இறங்கிய மறுநாள் காலை, ஆசையோடு மேபலை எழுப்பி மேல் வரிசை வீட்டுக்காரரை ஆரம்பித்தாள். மேபல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அது பழசும்மா. அப்பா பாட்டு போடு."

லீனெட் எழுந்து துணி துவைக்கும் அறைக்குள் போனாள். டேமியன் பின்னாலேயே போனான். அவள் இயந்திரத்தின்மேல் கை ஊன்றி நின்றாள்.

"பதினாலு பாட்டு எழுதி வெச்சுட்டுப் போனேன்."

"காத்துல போச்சு. ஓடினேன், பிடிக்க முடியல."

"ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம் செம்மண்ணப் பாத்துக்கிட்டே ஓட்டுறேன் டேமியன். அங்க உட்காந்துதான் ஒவ்வொரு வரியா கட்டுறது. நான் இல்லாதப்போ அவகிட்ட என்னோடது இருக்கறது அது ஒண்ணுதான்."

இது அவனுக்குத் தெரியாது. கிளம்பும் நேரத்துத் தொல்லையைத் தவிர்க்க அவள் கட்டியவை என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தான். சட்டைப்பையிலிருந்து, பின்பக்கம் கை கழுவும் பாட்டைக் கிறுக்கியிருந்த கசங்கிய வேலைச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினான்.

"சோப்புக்கு ஒண்ணும் அமைய மாட்டேங்குது. ஒரு வாரமா உசிரை வாங்குது. நீ பாரேன்."

லீனெட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். "சோப்புக்கு ஆப்பா? குழந்தைங்க பாட்டுல ஆப்பு வைப்பியா?"

"வேற என்ன இருக்கு?"

"சோப்பை ஏன் கடைசியில வைக்கற? நடுவுல போடு. கடைசியில 'நுரை'ன்னு வை."

"நுரைக்கு என்ன? கரை. எந்தக் கரை? கை கழுவற இடத்துல கரை எங்க வந்தது?"

"சட்டையில இருக்கே, அழுக்குக் கறை!"

"அது பெரிய 'ற'."

"நாலு வயசுக் குழந்தை 'ற'வைப் பாத்தா பாடப்போகுது?"

குரல்கள் ஏறின. சீட்டு கை மாறிக் கை மாறிக் கிழிந்தது. இடையில் குளியலறைக் குழாய் ஓடி நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

மேபல் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். வாயோரம் பற்பசை. தலை அரைகுறையாக வாரியிருந்தது. ஷூ இரண்டும் காலில், வலது இடமாக, இடது வலமாக.

"யாரு மாட்டிவிட்டா?" என்றாள் லீனெட்.

"நானே. நீங்க ரொம்ப நேரம் பண்றீங்க."

இருவரும் அந்த ஷூக்களைப் பார்த்தார்கள். மாற்றிப் போடச் சொல்ல டேமியன் வாயைத் திறந்தான். லீனெட் அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். மேபல் பையை எடுத்துக்கொண்டு, மாறிப்போன கால்களோடு காருக்கு நடந்தாள்.