வரிசைத் தட்டில் போன புத்தகங்கள்

அக்காள் புருஷன் என் புத்தகத்தை எரித்துக் காய்ச்சிய வெந்நீரில் நான் குளித்திருக்கிறேன். தெரியாமல் இன்னும் இரண்டு சொம்பு கூடவே ஊற்றிக்கொண்டேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, மாட்டுக்கு வைக்கோல் உதறியபடி அவர் கேட்டார்.

"இன்னா மச்சான், தண்ணி நல்லா சூடா கீதா? நீ எம்பொண்ணுக்குக் குட்த்த புக்குதான். சும்மா சொல்லக் கூடாது, நல்லா எரிஞ்சிது."

உத்திரமேரூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். கரண்டு போனால் கடையில் செய்ய ஒன்றும் இருக்காது. அப்படி ஒரு நாள், கல்லூரிப் பெண் ஒருத்தி மறந்து வைத்துவிட்டுப் போன நாவலைப் புரட்டியதுதான் ஆரம்பம். மந்திரம், விண்வெளி, இன்னும் வராத காலம் என்று எதைப் பற்றிய கதையானாலும் வாங்கிவிடுவேன். ஒரே ஒரு நிபந்தனை, நடுவில் ஒரு பெண் நிற்க வேண்டும், அவள் ஜெயிக்க வேண்டும். என் அக்காள் நன்றாகப் படிப்பவள். பத்தாவதோடு நிறுத்தி, சாலவாக்கம் பக்கத்தில் ஏரிப் பாசன நிலம் நிறைய உள்ள இந்த மனிதருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவள் ஜெயிக்காததை நான் கதைகளில் தேடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது படிக்கும் அவள் மகளுக்குத்தான் புத்தகங்களை எடுத்துக் கொடுப்பேன். முதலில் கொடுத்தது, மீனவப் பெண் ஒருத்தி கடல் பாம்பைப் பழக்கி ஏறிப்போகும் கதை. படித்துவிட்டு, பாம்பு நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த இளவரசன் எதற்கு மாமா என்று கேட்டாள். அன்றிலிருந்து இளவரசன் இல்லாததாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தேன். அடுத்தது விண்கலக் கதை. பெரியவர்கள் எல்லாரும் மயக்கத்தில் கிடக்க, பழுதான கலத்தைப் பதினைந்து வயதுப் பெண் தனியாக ஓட்டி வருவாள். அதைப் பாதி படித்திருந்த சமயத்தில்தான், தம்பி சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவச் சொல்லியிருக்கிறார் அப்பா. அவனுக்குக் கை இல்லையா என்று இவள் கேட்டிருக்கிறாள். கேள்வி புத்தகத்திலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டி, புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். பாடப் புத்தகம் தவிர வேறு எதுவும் இனி இந்த வாசற்படி ஏறக்கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

எதிர்த்துப் பேசினால் அக்காள்தான் அனுபவிக்க வேண்டும். அதனால் அன்று காலை இட்லியைத் தின்றுவிட்டு, போய்ட்டு வரேன் மாமா என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். வண்டியை எடுக்கும்போது அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. "அவ கப்பல எறக்கிட்டாளா மாமா?" என்று மட்டும் கேட்டாள். நீயே படிப்பாய் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. ஏரிக்கரை முழுக்க அவரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். நேரில் சொல்ல முடியாததை எல்லாம் காற்றில் சொன்னேன். வயிற்றெரிச்சல் தீரவில்லை.

சில மாதம் கழித்து அக்காள் போன் செய்தாள். பெண் வயதுக்கு வந்துவிட்டாள், பந்தல் போட்டு மஞ்சள் நீராட்டு விழா, மேளம், தெருமுனையில் பெரிய பேனர் என்று சொல்லிக்கொண்டே போனாள். சின்னப் பெண்ணின் உடம்புச் சமாசாரத்தை ஊருக்கெல்லாம் பேனர் கட்டிச் சொல்வது எனக்குப் பிடிக்காது. சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள், தாய்மாமன் சீர் நீதானே கொண்டு வரணும் என்றாள். அப்படியே வாயை மூடிக்கொண்டேன்.

தாய்மாமன் சீர் வராமல் விழா தொடங்காது. பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்து முதல் தட்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். தட்டில் என்ன இருக்கிறது என்று மாமனை யாரும் கேள்வி கேட்க முடியாது. வந்தது அத்தனையும் பெண்ணுக்குச் சொந்தம். இப்படி ஒரு ஆயுதத்தை அவர்கள் சம்பிரதாயமே என் கையில் கொடுத்து வைத்திருப்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

பட்டுப்புடவை, வளையல், பழம், பூ எதிலும் குறை வைக்கவில்லை. கஞ்சன் என்று அவர் சொல்ல வழி விடக்கூடாது. மீதித் தட்டுகளில் எல்லாம் சென்னைக்குப் போய் வாங்கி வந்த புத்தகங்கள், கடல் பாம்புக் கதையும் சேர்த்து. எரிந்துபோன விண்கலக் கதையையும் தேடிப் பிடித்து, முதல் தட்டில் மேலாக வைத்தேன். அவமானப்படுத்துவது வரைதான் என் புத்தி போயிருந்தது. என் மனைவி அதற்கும் மேலே யோசித்தாள். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். "மங்களமா வெச்சத எவன் தூக்கி அடுப்புல போடுவான்?" என்றாள். அவள் எனக்கு எதிரியாக இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம்.

அம்மன் கோயிலிலிருந்து மேளத்தோடு புறப்பட்டோம். கண்ணாடித் தாள் சுற்றிய தட்டுகளைத் தலையிலும் இடுப்பிலும் ஏந்தி, எங்கள் வீட்டுப் பெண்கள் முன்னால் நடந்தார்கள். வழியில் ஒரு அம்மாள், இது சாமி புத்தகமா என்று கேட்டாள். இல்லை, ஒரு ராஜா மழையைப் பிடித்துத் தன் கோட்டைக்குள் பூட்டி வைத்துக்கொள்வான், ஒரு பெண் பூட்டை உடைத்துத் தண்ணீரைக் கீழே விடுவாள் என்றேன். அந்த அம்மாளின் வயல், ஏரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. மதகு திறப்பதும் மூடுவதும் என் அக்காள் புருஷன் சொல்படிதான். அவள் பந்தல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, பூட்டை எப்படி உடைச்சா என்று கேட்டாள். படித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன்.

வாசலில் அவர் பட்டு வேட்டியோடு நின்றிருந்தார். முதல் தட்டை வாங்கினார். கண்ணாடித் தாளுக்குள் அந்த விண்கலத்தைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. ஊரே பார்க்கிறது, கீழே போட முடியாது. போட்டோக்காரர் விவரம் தெரியாமல், "கண்ணுல ஒத்திக்குங்க சார்," என்றார். ஒற்றிக்கொண்டார். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு வாட்டி என்றார். இன்னொரு வாட்டியும் ஒற்றிக்கொண்டார். அந்தப் போட்டோக்காரரை எனக்கு முன்பின் தெரியாது. அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

நலங்கு வைக்கும்போது அக்காள் புருஷன் என் பக்கத்தில் வந்து சிரித்த முகத்தோடு, பந்தல் பிரிக்கட்டும், அப்புறம் இருக்கிறது என்றார். அவருடைய அக்காள் காதில் அது விழுந்துவிட்டது. என்னையும் பிடிக்காது, புத்தகத்தையும் பிடிக்காது அந்த அம்மாளுக்கு. ஆனாலும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மஞ்ச குங்குமம் வெச்ச சீருடா அது. நெருப்புல வெச்சீன்னா குடும்பத்துக்கு ஆவாது, சொல்லிட்டேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். எரிக்க மாட்டேன், மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவேன், கல்யாணத்துக்கு அப்புறம் அவள் புருஷன் வீட்டில் போய்ப் படிக்கட்டும் என்றார். பரணை நானும் யோசிக்கவில்லை, என் மனைவியும் யோசிக்கவில்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

நாற்காலியில் மாலையும் பட்டுமாக உட்கார்ந்திருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளோடு போட்டோ எடுத்துக்கொள்ளத் தெருப்பெண்களும் பள்ளித் தோழிகளும் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் தட்டிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை, பின்னட்டையைப் படித்து, ஆள் பார்த்துக் கொடுத்தாள். பயந்த சுபாவக்காரிக்குக் கடல் பாம்பு. கணக்கில் கெட்டிக்காரிக்கு, சூத்திரம் போட்டே காலத்தைப் பின்னால் திருப்பும் பெண். கடைமடை அம்மாளின் மகளுக்கு மழையை மீட்ட பெண். விண்கலத்தை மட்டும் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா பக்கத்தில் வந்து, எதற்கு எல்லாவற்றையும் வாரிக் கொடுக்கிறாய் என்றார்.

"என் சீருதானப்பா," என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். "படிச்சி முடிச்சிட்டு எங்க வூட்டுக்கு வந்து மாத்திக்கினு போங்க. லீவு நாள்ல நான் வூட்லதான் கீறேன்."

பந்தல் நிறைய விருந்தாளிகள். அவர் பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிள்கள் வருகின்றன. மாமா, அக்கா கீறாங்களா, புக்கு மாத்தணும் என்று அவரைக் கூப்பிட்டு வாசல் கேட்டை ஆட்டுகிறார்கள். எல்லாம் தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள், விரட்ட முடியாது. அவரே எழுந்து போய்த் திறந்துவிடுகிறார். சில நாள் மூன்று நான்கு தரம். அக்காள் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வாள். இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டு வாங்கிக்கொள்வேன்.

போன வாரம் அவள் வேறொன்று சொன்னாள். மத்தியானம் அவர் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்து, தட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார். அக்காள் கையில் ஒரு புத்தகம், கதையில் நல்ல கட்டம்.

"சோறு அடுப்பு மேல கீது, போட்டுக்கினு சாப்புடுங்கன்னேன்," என்றாள் அக்காள். "போட்டுக்கினாருடா."