அத்தையின் வலது கை

சந்தையின் மூன்றாவது வரிசையில், பிளாஸ்டிக் குடக் கடைக்கும் பூட்டு ரிப்பேர்காரருக்கும் நடுவில் என் அத்தை கயிறு விற்கிறாள். முப்பத்தொரு வருடமாக அதே இடம், அதே பலகை. முழங்கையைப் பலகையில் ஊன்றி, நடுவிரல் நுனிவரை கயிற்றை இழுத்தால் ஒரு முழம். கடையில் வேறு அளவுகோல் கிடையாது. சந்தையில் அவள் பெயரே முழத்தக்கா.

அந்தக் கையை அவள் அப்படிப் பார்த்துக்கொள்வாள். வலது கையால் வாளி தூக்க மாட்டாள். கயிற்றின் முனையைப் பிடித்து உதவ யாராவது குனிந்தால் தட்டிவிடுவாள். நடுவிரல் நகத்தை வாரம் தவறாமல் ஒட்ட வெட்டிவிடுவாள். “ஆயிரம் முழத்துக்கு நகம் மட்டும் எவ்வளவு கயிறு தின்னும்னு கணக்குப் போட்டுப் பாருடா, பட்டதாரி” என்பாள். புதுக் கயிறு வந்து இறங்கினால், எடை ஏற நனைத்து அனுப்பியிருக்கிறானா என்று முதலில் மோந்து பார்ப்பாள். யாரையும் நம்பாதவள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கிராமத்திலிருந்து வந்து, அத்தை வீட்டில் தங்கித்தான் படித்தேன். என் புத்தகம், சட்டை, பரீட்சைக் கட்டணம் எல்லாம் அந்தக் கை இழுத்த கயிறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் கையைச் சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

இந்தக் கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டது. சிலர் கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டினார்கள். கிணற்று ஆழத்துக்கு எங்கள் பக்கம் ‘ஆள்’ கணக்கு. வெட்டுகிறவர் தன் உயரத்துக்குச் சுவரில் கோடு போட்டுக்கொண்டே ஏறி வந்து, “பத்து ஆளு” என்பார். எண்சாண் உடம்பு, இரண்டு சாண் ஒரு முழம், ஆக ஆளுக்கு நாலு முழம். அத்தை அந்தக் கணக்கில் கயிறு அளந்து, கப்பிக்கும் முடிச்சுக்கும் மேற்கொண்டு மூன்று முழம் சேர்த்துக் கொடுப்பாள்.

முதலில் புகாரோடு வந்தது பக்கத்துத் தெரு டீச்சர். கயிற்றைப் பலகைமேல் தொப்பென்று போட்டார்.

“என்ன முழத்தக்கா இது? வாளி தண்ணியத் தொடவே மாட்டேங்குது. அஞ்சு முழம் மேலேயே நின்னு வேடிக்கை பாக்குது.”

“எத்தனை ஆளு கிணறு?”

“பத்து ஆளு. நாப்பத்து மூணு முழம் நீங்கதானே அளந்தீங்க?”

அத்தை திரும்ப அளந்தாள். நாற்பத்து மூன்று. டீச்சர் கயிற்றைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

மறுநாள் லாண்ட்ரிக்காரர். எட்டு ஆள் கிணறு, நாலு முழம் போதவில்லை. அதற்கு மறுநாள் டீக்கடைக்காரர். அத்தோடு சந்தை முழுக்கப் பேச்சு. போன மழையில் அத்தை வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. “எலும்பு கூடினப்போ கை சுருங்கிடுச்சாம்” என்றார் குடக் கடைக்காரர். “சுருங்கலைய்யா, சுருக்குறா. விரலை லேசா மடக்கினா யாருக்குத் தெரியும்?” என்றார் இன்னொருவர்.

“கை நீளமா இருந்தாத்தான் திருடின்னு சொல்லுவாங்க. என் கை குட்டையா இருந்தாலும் திருடியா?” என்று அத்தை எகிறினாள். யாரும் சிரிக்கவில்லை.

சந்தை சூப்பர்வைசர் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மூணு புகார் வந்தாச்சும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க அளவு சரின்னு காட்டுங்க. இல்லன்னா இடத்தை வேற ஆளுக்குக் குடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்ல.”

அவர் போனதும் அத்தை ஒவ்வொருவராக முறைத்தாள். பூட்டுக்காரருக்கு இந்த இடத்தின்மேல் கண். கயிறு அனுப்பியவன் கயிற்றில் ஏதோ செய்திருக்கிறான். டீச்சர் பாதியை வெட்டி வைத்துக்கொண்டு வந்திருப்பார். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்று முனகிக்கொண்டே பலகையைத் துடைத்தாள்.

புதன்கிழமை மதியம் அத்தை கயிற்றுச் சுருள்மேல் சாய்ந்து கண்ணயர்ந்தபோது, தையல் கடையில் வாங்கிய நாடாவை எடுத்தேன். முழங்கையிலிருந்து நடுவிரல்வரை மெதுவாக வைத்தேன். பதினைந்தரை அங்குலம்.

என் புத்தகத்தில் ஒரு முழம் என்றால் பதினெட்டு அங்குலம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். முழத்துக்கு இரண்டரை அங்குலம். முப்பத்தொரு வருடம். என் பட்டமும் அந்த இரண்டரை அங்குலத்தில் வந்ததுதானா?

“என்னடா அளக்கிற? சவப்பெட்டிக்கா?”

கண்ணைத் திறக்காமலே கேட்டாள். மறைக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து பலகைமேல் கிடந்த சாக்கை விலக்கினாள். மரத்தில் ஒரு வெட்டு, பழசாகிக் கறுத்திருந்தது.

“கடை போட்ட அன்னைக்கு வெட்டினது. பாத்துக்கோ.” பலகையின் விளிம்பில் முழங்கையை ஊன்றினாள். நடுவிரல் நுனி வெட்டின்மேல் சரியாக உட்கார்ந்தது. “அன்னைக்கு இருந்த கைதான் இன்னைக்கும். உன் புத்தகத்துல கை வச்சு அளந்தவன் எவன்னு போய்க் கேளு.”

அதற்குள் அவளுடைய சந்தேகம் அடுத்த இடத்துக்குப் போய்விட்டது.

“அந்த மூணு கிணத்தையும் வெட்டினது யாரு?”

விசாரித்தேன். மூன்றையும் வெட்டியது புதிதாக வந்த ஒருவர். இருபது வருடமாக இங்கே கிணறு வெட்டிய, ‘உருண்டை’ என்று ஊரே கூப்பிடும் பெரியவர் முழங்கால் வலி தாங்காமல் மகள் வீட்டோடு போய்விட்டார்.

“அப்போ அவன்தான் ஆழத்தைக் குறைச்சுச் சொல்லியிருக்கான்” என்றாள்.

“அத்தை, ஆளுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குறவர் அவர். பொய் சொன்னா கூட்டித்தானே சொல்லுவார்?”

“அதான்டா இடிக்குது. தனக்கு நஷ்டம் வர்ற மாதிரி எவனாவது பொய் சொல்லுவானா? கூப்பிடு அவனை.”

வெள்ளிக்கிழமை காலை சூப்பர்வைசர் வந்து நின்றார். டீச்சரும் லாண்ட்ரிக்காரரும் வந்தார்கள். பூட்டுக்காரர் வேலையை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கிணறு வெட்டுகிறவர் வரிசைக்குள் நுழைந்தார். நுழையும்போது, தார்ப்பாய் கட்டிய கயிற்றுக்குக் கீழே தலையைக் குனிந்தார். நாங்கள் எல்லோரும் தினமும் நிமிர்ந்து போகிற கயிறு அது.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“தம்பி, இந்தச் சாக்குல கொஞ்சம் படு.”

“எதுக்குக்கா?”

“படுப்பா. கடிச்சா தின்னுடப் போறேன்?”

அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார், பிறகு தயங்கிப் படுத்தார். அத்தை குதிகாலில் முழங்கையை ஊன்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தலை இன்னும் வரவில்லை. இன்னும் அரை முழம் மிச்சம்.

“நாலரை” என்றாள் அத்தை. “உருண்டை என் கைக்கு நாலு முழம்தான். அவன் உசரமும் என் கையும் ஒத்துப்போச்சு, இருபது வருஷம் யாரும் கேக்கல.”

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. “ஆளுக்கு அரை முழம்! பத்து ஆளுக்கு அஞ்சு, எட்டு ஆளுக்கு நாலு!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். டீச்சர் வாய்க்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சூப்பர்வைசர், “சரி, வியாபாரத்தைப் பாருங்கம்மா” என்று நகர்ந்தார்.

கிணறு வெட்டுகிறவர் மட்டும் சாக்கில் உட்கார்ந்தபடியே இருந்தார். “அப்போ உருண்டையைவிட நான் அதிகமா வெட்டிட்டு, அதே கூலியா வாங்கியிருக்கேன்?” என்றவர் டீச்சரையும் லாண்ட்ரிக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் அவசரமாக ஐந்து முழம் கயிறு கேட்டார்.

இடம் போகவில்லை. ஆனால் அத்தை இப்போது கிணற்றுக்குக் கயிறு கேட்டு யார் வந்தாலும், “எந்த ஆளு?” என்று கேட்காமல் பலகையில் கை வைப்பதில்லை. வெட்டியவர் யார், அவர் எவ்வளவு உயரம் என்று சொன்னால்தான் அளக்கிறாள். சொன்னதையும் அப்படியே நம்புவதில்லை.

என் நாடாவைத் தையல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அத்தையிடமும் சொன்னேன். “நல்லது” என்றாள். இருந்தாலும் மதியம் கண்ணயரும்போது வலது கையைத் தோள்துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறாள். நான் பக்கத்தில் இருக்கிற நாட்களில் மட்டும்.